கீறல் படாத நெஞ்சு

"தழும்பு எவ்வளவு நீளத்துக்கு வரும்?"

மாமியார் கேட்ட முதல் கேள்வி அதுதான். மகளுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் அடைக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லி, நால்வரும் ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். செருப்பைக்கூட யாரும் ஒழுங்காகக் கழற்றவில்லை. பிழைப்பாளா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. வலிக்குமா என்றும் கேட்கவில்லை.

கேள்வி மருமகளுக்கு. வீட்டில் வைத்தியம் தெரிந்தவள் அவள்தான் என்று எல்லோருக்கும் நினைப்பு. உண்மையில் அவள் டாக்டர் இல்லை, உயிர்ப்பொறியியல் ஆராய்ச்சிக்காரி. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் உயிருள்ள சவ்வு வளர்ப்பவள். நாத்தனார் அடிக்கடி அங்கே வந்து வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், கூட வேலை செய்கிறவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

"இங்கேருந்து இதுவரைக்கும் வரும், அத்தை." அண்ணி தன் நெஞ்சில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்புறம் இவளை எவன் கட்டிப்பான்?"

"ஏம்மா, நான் என்ன கிழிஞ்ச துணியா, தையல் போட்டா விலை போகாதுன்னு சொல்ல?" என்றாள் மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. பாதி கட்டி நிற்கும் மாடிகளில் ஆண்களுக்கு முன்னால் ஏறிப்போய் அளவெடுக்கிறவள். கொஞ்ச நாளாக இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது. அதைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஓட்டை தெரிந்தது.

அண்ணன்காரன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் அவனுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். விலாவிலிருந்து தொப்புள் வரைக்கும் பூரான் படுத்திருப்பது போல ஒரு தழும்பு. அதைக் காட்டிக்கொண்டுதான் வீடு முழுக்க நடமாடுவான். இவனை எவள் கட்டிக்கொள்வாள் என்று அன்றைக்கு ஒருவரும் தலையில் கை வைத்து உட்காரவில்லை. அண்ணிதான் கட்டிக்கொண்டாள்.

"அம்மா சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான்," என்றான் அவன். "கத்தி படாம எதுவும் செய்ய முடியாதா?"

அண்ணி அந்த நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் ஆய்வுக்கூடத்தில் அப்போது நடந்துகொண்டிருந்தது அந்த வேலைதான். குடை போல விரியும் மூடிகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் குடை பிடித்து நிற்க ஓட்டையைச் சுற்றி விளிம்பு வேண்டும். வாலுவின் ஓட்டைக்கு விளிம்பு இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக, நோயாளியின் செல்லிலிருந்தே ஒரு சவ்வை வளர்த்து, தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு அனுப்பி, ஒளி பட்டால் இறுகும் பசையால் அங்கே ஒட்டவைப்பது என்று திட்டம். சவ்வு அண்ணியின் பொறுப்பு. ஒளியின் பொறுப்பு இயற்பியல்காரருடையது, அவருக்கு அங்கே லைட்டுக்காரர் என்றுதான் பெயர். மனிதருக்குப் பொருத்தும் காலம் வந்தால் அதே சர்ஜன் பொருத்துவார்.

"நாங்க அதுக்குத்தான் ஒண்ணு செய்யறோம்," என்றாள் அண்ணி. "ஒரு கீறல் இருக்காது."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள். அது அவளுக்கு இனித்தது. எவ்வளவு நாளாகும் என்றதற்கு, "ரெண்டு வருஷத்துல" என்று சொல்லிவிட்டாள்.

சர்ஜன் கேட்டதும் சீறிவிட்டார். அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசும் பெண்மணி. "அந்த ஓட்டை வழியா ரத்தம் நுரையீரலுக்கு அளவுக்கு மேல போயிட்டிருக்கு. நாளாச்சுன்னா அங்கே இருக்கிற குழாயெல்லாம் தடிச்சுப் போயிடும். அதுக்கப்புறம் ஓட்டையை அடைச்சா, அடைச்சதே ஆளைக் கொன்னுடும். உன் ஆராய்ச்சியை நம்பிக் காத்திருக்கச் சொல்லாதே."

அண்ணி வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். சண்டை போட்டாள். இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். மாமியார் அசையவில்லை. "நீயே செய்யறேன்னு சொன்னே. உன் நாத்தனாருக்கு இல்லாததா? சீக்கிரம் செய்." அக்கம்பக்கத்தில், மருமகள் விஞ்ஞானி என்று பெருமை வேறு. வாலுவும் சிரித்து மழுப்பினாள். "எனக்கு அண்ணி கையால மூடி போட்டாத்தான் சரிப்படும்." அம்மாவின் அழுகைக்கு அவள் பயந்திருந்தாள் என்பது அண்ணிக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆராய்ச்சிக்குக் கல்யாண அவசரம் தெரியாது. தட்டில் நன்றாக ஒட்டிய சவ்வு, துடிக்கும் பன்றி இதயத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரத்தத்துக்கு நடுவில் ஒளி சிதறியது. லைட்டுக்காரர் ஒளியின் நிறத்தை மாற்றினார். பசை இறுகியது, ஆனால் சவ்வு வெந்துபோனது. வாலு அலுவலகம் விட்டு நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்து, "என்ன அண்ணி, என் மூடி வெந்துடுச்சா?" என்று கேலி செய்வாள். முதலில் மாடிப்படி ஏறி வந்தாள். பிறகு லிப்டில் வந்தாள். அப்புறம் வருவதே குறைந்தது. அளவெடுக்கும் வேலையை விட்டு நாற்காலி வேலைக்கு மாறிக்கொண்டதாகச் சொன்னாள். இடையில் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் மாமியார் எதையும் சொல்லவில்லை. பெண் வாயைத் திறந்து சொன்னாள். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ரெண்டு வருஷம் என்று சொன்னது ஐந்தாயிற்று. கடைசியில் சவ்வு ஒட்டியது, நின்றது. மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்க அனுமதி கிடைத்த அன்று ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டார்கள். லைட்டுக்காரர் அழுதே விட்டார். முதல் ஆளாக வாலுவை அழைத்துக்கொண்டு போனாள் அண்ணி.

சர்ஜன் குழாய் விட்டு நுரையீரலின் அழுத்தத்தை அளந்தார். வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இனிமே மூடக் கூடாது."

"மாத்திரை கொடுத்துப் பார்த்து..."

"கொடுப்போம். இருக்கிற வரைக்கும் மூச்சு கொஞ்சம் லேசா இருக்கும்."

மருந்து வாசனை அடிக்கும் அந்த நடையில் அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை அடக்க முடியாமல் வந்தது. உலகத்தில் யார் யாருக்கோ அவள் மூடி பொருந்தும். அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவளுக்குப் பொருந்தாது. செய்தி கேட்ட மாமியார் அன்று முழுக்கப் பூஜை அறையிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள், "சாமி புண்ணியம், கத்தியாவது படலையே," என்றார். அண்ணி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புது மூடிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஆஸ்பத்திரி வராந்தா நிறைந்திருந்தது. அண்ணி ஒரு முறை பார்த்தாள். நம்பாமல் மறுபடி பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பெண் குழந்தைகள், வயசுப் பெண்கள்.

"பையன்களுக்கு இந்த ஓட்டை வர்றதில்லையா?"

"வராம என்ன?" என்றார் சர்ஜன். "அவங்களை எல்லாம் சொன்ன வாரமே கொண்டுவந்து சேர்த்துட்டாங்க. அறுத்து, தைச்சு, பந்து விளையாடிட்டு இருக்கானுங்க."

கூடவே வருவேன் என்று அடம்பிடித்து வந்த வாலு, ஆக்சிஜன் உருளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் உள்ளே வந்தது ஒரு தகப்பன், தாய், பத்து வயதுக்குள் ஒரு பெண். அந்தப் பெண்ணின் ஓட்டைக்குப் புது மூடி சரிவராது, இன்னும் பெரிதாகச் செய்யும் வரை பொறுக்க வேண்டும் என்று தெரிந்தது.

"பொறுக்கறோம்," என்றான் தகப்பன் சட்டென்று. "எத்தனை வருஷமானாலும் சரி. பொம்பளப் பிள்ளை பாருங்க."

"பொறுக்காதீங்க," என்றாள் அண்ணி. "நான்தான் இதைச் செய்யறவ. நான் சொல்றேன், இதுக்குக் காத்திருக்காதீங்க. இந்த வாரமே நெஞ்சைத் திறந்து அடைச்சுடுங்க."

"தழும்பு..."

மூலையிலிருந்து வாலு எழுந்து வந்தாள். நாலு எட்டு நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றாள். உதடு நீலம், நகம் நீலம். துப்பட்டாவை விலக்கி, கழுத்துக்குக் கீழே வழவழவென்று இருந்த தோலைக் காட்டினாள்.

"என்னைப் பாருங்கம்மா. ஒரு கீறல்... இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க அம்மா... அவ்வளவு பத்திரமா... வச்சிருந்தாங்க."

தகப்பன் எழுந்தான். "வீட்ல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கலந்துக்கிட்டு வர்றோம், டாக்டர்," என்று சொல்லிக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான்.

தாய் எழுந்திருக்கவில்லை. மகளை இழுத்து மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, "எந்த வார்டுல சேர்க்கணும்?" என்று கேட்டாள்.