உயரம் கொடுத்த தெரு

உங்கள் தெருவில் எல்லோரும் ஒரே வருஷத்தில் பேண்ட்டின் காலைக் குட்டையாக மடித்துத் தைத்ததுண்டா? எங்கள் தெருவில் தைத்தார்கள். சிட்டுவுக்குக் கால் ஆபரேஷன் நடந்த வருஷம் அது. அந்த வருஷம் தெருவில் பெரியவர்கள் அநேகமாக எல்லோரும் ஆளுக்கு ஒரு விரல் அகலமாவது குள்ளமானார்கள். மற்றபடி மழையும் விலைவாசியும் எப்போதும் போலத்தான் இருந்தன.

சிட்டு தையல்காரம்மாவின் ஒரே மகள். பிறந்ததிலிருந்தே இடது கால் குட்டை. தத்தித் தத்தி நடந்ததால் அந்தப் பெயர் வந்தது. ஒன்பது வயதில் வித்தியாசம் நாலு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது, இடுப்பும் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி, சாவியால் திருகித் திருகி இடைவெளியை நீட்டினால் அதில் புது எலும்பு வளரும் என்றார். “வெட்டுறதும் மாட்டுறதும் என் பொறுப்பு. ரத்தத்துக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க. உயரத்துக்கு எத்தனை பேர் கிடைக்கிறாங்களோ அத்தனை பேர். உயரம் சும்மா வராதும்மா, யார்கிட்டயாவது இருந்துதான் வரணும்.” தையல்காரம்மா தலையாட்டினார். துணியும் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும்.

சிட்டுவின் அப்பா பஸ் கண்டக்டர். ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்தது, வளையத்துக்குக் கொடுக்கவில்லை. வளையம் காலுக்கு உள்ளேயா இருக்கிறது, வெளியேதானே என்று கேட்டார்கள். கண்டக்டர் டிப்போ சொசைட்டியில் லோன் போட்டு வளையத்தை வாடகைக்கு எடுத்தார். ஆஸ்பத்திரி நாட்களில் அவருடைய பஸ்ஸே வழிமாறி வந்து வீட்டு வாசலில் நின்றது, பயணிகள் இறங்கிக் கை கொடுத்தார்கள். கட்டில் முன்னறைக்கு வந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. வளையம் இடிக்கிறது என்று பாத்ரூம் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டார்கள், தையல்காரம்மா அதற்கு ஓரம்கூட அடித்தார். பள்ளிக்கூடப் பாடத்தை அதே தெருவிலிருந்த கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்து நடத்தினார். பணத்துக்கும் பஸ்ஸுக்கும் பாடத்துக்கும் வழி பண்ணியாயிற்று. மிச்சம் உயரம்தான்.

முறை ரொம்ப எளிது. கொடுக்கிறவர் வந்து, மனசார நினைத்து, வளையத்தின் சாவியைத் திருப்ப வேண்டும். மனசில்லாமல் திருப்பினால் சாவி அசையாது. வந்த உயரத்தை வளையம் பேங்க் மாதிரி வைத்துக்கொண்டு தினம் கொஞ்சமாகக் காலுக்குக் கொடுக்கும். மூன்று விரல் கொடுத்தால் ஒரு விரல்தான் போய்ச் சேரும், மீதி வழியிலேயே கரைந்துவிடும். கைமாறி வருகிற எதுவும் அப்படித்தானே. ஒரு தடவை கொடுத்தவர் ஒரு வருஷத்துக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. முதல் ஆளாகப் போனவர் கண்டக்டர். டாக்டர் அவரைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டு, எடை குறைந்தவரிடம் ரத்தம் எடுக்காதது போல, உங்களிடம் எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார். தையல்காரம்மா மிஷின் மிதி எட்டுகிற அளவுக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தார். பிறகு தெருவுக்குச் சொல்லிவிட்டார், உயரம் கொடுக்கிறவர்களுக்கு ஆயுசுக்கும் கால்மடிப்பு இலவசம் என்று. மாடிப்படியில் தினமும் தலையை இடித்துக்கொண்டிருந்த மாடி வீட்டுக்காரர், “இதுல லாபம் எனக்குத்தான்” என்று சொல்லித் திருப்பிவிட்டுப் போனார், அப்புறம் இடிக்கவே இல்லை. கணக்கு டீச்சர் கரும்பலகையின் மேல்வரியை விட்டுக்கொடுத்தார். இஸ்திரிக்காரர் மேஜைக்காலை அறுத்துக்கொண்டார். போலீஸ்காரர் மட்டும், வேலைக்கு உயரக் கணக்கு இருக்கிறது என்று பொறுத்திருந்து, ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலையும் கழுத்துமாக வந்து திருப்பினார். இப்படி மூன்று விரல் சேர்ந்தது. ஒன்று பாக்கி.

தெருவில் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர் ஒருவர்தான். சிட்டுவின் தாய்மாமா. எலக்ட்ரீஷியன். தெரு அவரைக் கொக்கு என்று கூப்பிடும். ஏணி இல்லாமலே ஃபேன் மாட்டுவார். தரையில் நின்று எக்கினால் விரல்நுனி கூரைக் கொக்கியைத் தொடும், ஒரு விரல் குறைந்தாலும் தொடாது. அந்த எட்டலில்தான் அவருடைய பிழைப்பும் பெருமையும் இருந்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி கல்யாணத்தில், “மாப்பிள்ளை எங்கப்பா, டார்ச் அடிச்சுத் தேடுங்க” என்று சொல்லிவிட்டார். கல்யாணமே சிரித்தது. தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை, அன்றிலிருந்து அண்ணனோடு பேசவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு வீடுதான். கொக்கு மனசு வைத்தால் வேலை முடிந்துவிடும் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எல்லாமே கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற யோசனை. தையல்காரம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். “கேட்டு வாங்குற உயரத்துல என் பொண்ணு நிமிர வேண்டாம்.”

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சாவி இருப்பது ஒன்றுதான், அடுத்த குழந்தை காத்திருக்கிறது, சனிக்கிழமை காலை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதற்குள் சேர்ந்ததுதான் கால். வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டிலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. தானாக நின்றதா, கண்டக்டர் நிறுத்தினாரா என்பதில் இன்றைக்கும் தெருவில் இரண்டு கட்சி உண்டு. அவர் போய்க் கூப்பிட்டார். கொக்கு குனிந்து வாசலில் நுழைந்தார்.

“சிட்டு, மெயினை ஆஃப் பண்ணச் சொல்லு உங்கம்மாவை.”

தையல்காரம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சிட்டு, மெயின் அவர் மூக்குக்கு நேராத்தான் இருக்குன்னு சொல்லு.”

“நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போனா?” என்றாள் சிட்டு.

ஃபேனில் ஒரு ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். கொக்கு எக்கி நின்று மாட்டினார். கண்டக்டர் கையை முழுக்க உயர்த்தி ஸ்க்ரூ டிரைவரை நீட்டிக்கொண்டே நின்றார், அப்படியும் கொக்கு குனிந்துதான் வாங்க வேண்டியிருந்தது. அப்படிக் குனிந்தபோதுதான் அவர் வளையத்தைப் பார்த்தார்.

“இது இன்னும் எத்தனை நாளைக்கு?”

“நாளைக்கு சாவியைக் குடுத்துடணும் மாமா. ஒரு விரல் பாக்கி. செருப்புல கட்டை வச்சுக்கலாம், பழக்கம்தான்.”

கொக்கு நிமிர்ந்து கூரைக் கொக்கியைப் பார்த்தார். பிறகு, “எனக்குத் தொழில் போயிடும்டி” என்றார்.

“ஏணி வச்சிருக்கிறவங்கல்லாம் தொழில் பண்ணலையா மாமா?”

“வாயி அப்படியே உங்கம்மா வாயி” என்று சொல்லிக்கொண்டே அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். யாரும் அவரிடம் உயரம் கேட்கவில்லை. சாவி வெண்ணெயில் இறங்குவது போலத் திரும்பியது. மூன்று விரல் கொடுத்துவிட்டு அவர் எழுந்து நின்றபோது பேண்ட் தரையைத் தொட்டது. மிஷின் சத்தம் நின்றது. தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, அண்ணனின் கால் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

“கழட்டிக் குடுத்துட்டுப் போண்ணா. தரையைக் கூட்டுது.”

பத்து வருஷத்தில் முதல் பேச்சு அதுதான். மாற்றிக்கொள்ள அந்த வீட்டில் கண்டக்டரின் பேண்ட்தான் இருந்தது. அது கொக்குக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. “மாப்பிள்ளை, பேண்ட் சரியாத்தான் இருக்கு. என் கால்தான் தப்பு” என்றார்.

“பாத்துப் போங்க மச்சான்” என்றார் கண்டக்டர். “வேணும்னா டார்ச் தரேன்.”

தையல்காரம்மா சிரித்தார். கொக்கு அந்தப் பேண்ட்டோடு நாலு வீடு தாண்டி நடந்து போனதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. யாரும் கேலி செய்யவில்லை, அவரவர் பேண்ட்டும் அந்த வருஷம் மடித்துத் தைத்ததுதானே.

மறுநாள் காலை கண்டக்டர் சாவியை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தார். கொக்கு ஹார்டுவேர் கடைக்குப் போய், இரண்டு படி வைத்த சின்ன ஏணி ஒன்று வாங்கினார்.