மூடி வைத்த தட்டு

எஸ்தர் டிக்கெட் எடுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ரயில் இல்லை, அதில் ஏறப்போகிற ரெண்டு பேர்.

தேஹு ரோடு ஸ்டேஷனின் தகரக் கூரையில் மழை சடசடத்தது. லோனாவ்லா லோக்கலின் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் தூணருகே அவள் நின்றாள். வேலைக்குப் போன காலத்திலும் அந்தத் தூண்தான். வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டியிருந்தாள். குடையை முழங்காலில் அழுத்தி, இடது கையால் மடக்கிவிட்டு நிமிர்ந்தபோது கந்தசாமி வருவது தெரிந்தது.

கந்தசாமி சூப்பர்வைசர். தளேகாவில் கார்களுக்கு ரப்பர் வாஷர் அச்சடிக்கும் கம்பெனியில் எஸ்தருக்கும் அவர்தான் சூப்பர்வைசராக இருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் நடை கொஞ்சம் தடுமாறியது.

"என்னா எஸ்தரு, இவ்ளோ காலைல?"

"நாளைக்கு விசாரணைண்ணே. லேபர் ஆபீஸ்ல."

"தெரியும். என்னையும் கூப்டுருக்காங்க."

"நான் மெஷின்ல இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

கந்தசாமி தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். ரயில் கண்ணுக்குத் தெரியவில்லை. குடையை உதறினார்.

"அந்த நாளை எப்டி மறக்க முடியும், சொல்லு? அகமதாபாத் பிளேன்! நான் ரெண்டாவது சப்பாத்திய தால்ல தோச்சு வாய்க்குக் கொண்டு போறேன். எவனோ டிவி சத்தத்த ஏத்துனான். கை அப்டியே நின்னுடுச்சு. தால் சட்டைல சொட்டுது, அது கூடத் தெரில. ஹாஸ்டல் மெஸ்ல பசங்க சாப்டுட்டு இருந்தாங்களாம், அவங்க மேலயே விழுந்துச்சாம். நாமளும் இப்ப சாப்டுட்டுதான இருக்கோம்னு தட்டத் தள்ளி வெச்சுட்டேன்."

"நான் எங்கண்ணே இருந்தேன்?"

"அதான் ஞாபகம் வரல."

"மெஷின நிறுத்தாத, அச்சு ஆறிடும்னு சொன்னது நீங்க."

"சத்தம் போடாத. சாப்பாட்டு நேரத்துல எல்லா மெஷினும் ஆஃப். ரூல் அது. நான் ரூலத்தான் சொல்ல முடியும். எனக்கும் இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கு இல்ல?"

ரயில் வந்தது. கந்தசாமி எப்போதும் ஏறும் பெட்டியை விட்டுவிட்டு, முன்னால் ஓடி வேறொன்றில் ஏறினார்.

அமலா கடைசி நிமிஷத்தில் படியிறங்கி ஓடி வந்தாள். எஸ்தர் யோசிக்கவில்லை. அவள் பின்னாலேயே பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டாள்.

"ஐயோ அக்கா! டிக்கெட் இருக்கா?"

"இல்ல."

"பிடிச்சா அபராதம் போடுவான்."

"போடட்டும். நாளைக்கு நீ வர்ற இல்ல?"

அமலா மூச்சு வாங்கினாள். எஸ்தரைவிட பத்து வயது சின்னவள், ஒரே சந்துக்காரி. அவளுடைய புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஓட்டுகிற நாளைவிட ஓட்டாத நாள் அதிகம். விபத்துக்கு முன்னால் இதே பெட்டியில் தினமும் எஸ்தரின் தலைமுடியை அவள்தான் பின்னிவிடுவாள். தளேகாவ் வருவதற்குள் பின்னி முடித்துவிடுவாள். விபத்துக்குப் பிறகு அதே சந்தில் எஸ்தரின் கண்ணில் படாமலே நடந்தாள்.

"முடிய ஏன்க்கா வெட்டிட்ட?"

"ஒரு கையால பின்னத் தெரில."

அமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கை எப்படிப் போனது என்பது இரண்டு பேருக்குமே தெரிந்த கதைதான்.

கம்பெனி ஷெட்டில் ரப்பர் அச்சுகள் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறினால் மறுபடி சூடேற அரைமணி பிடிக்கும், அன்றைய கணக்கு குறையும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி மட்டும் ஷெட்டிலேயே இருப்பாள், முறை வைத்து. தன் மெஷினையும் பக்கத்து மெஷினையும் ஓட்டுவாள். ஒரே ஆள் ரெண்டு மெஷினைப் பார்க்க வசதியாக, கை உள்ளே மாட்டாதிருக்க இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பொத்தான்களில் ஒன்றை மரச்சில்லு செருகி அமுக்கி வைத்திருக்கும். மணியடித்ததும் மற்றவர்கள் வந்து அவளைச் சாப்பிட அனுப்புவார்கள். அதற்குள் கேண்டீன் சாப்பாடு தீர்ந்துவிடும் என்பதால், ஷெட்டில் இருப்பவளின் கேண்டீன் கார்டையும் தோழி ஒருத்தி வாங்கிப்போய், அங்கிருக்கும் கார்டு மெஷினில் பஞ்ச் பண்ணி, தட்டு வாங்கி மூடி வைப்பாள். அடுத்தவர் கார்டை பஞ்ச் பண்ணினால் வேலை போய்விடும் என்று கேண்டீன் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழேயே நின்றுதான் எல்லோரும் பஞ்ச் பண்ணினார்கள்.

அன்று எஸ்தரின் முறை. கார்டை எடுத்துப்போனவள் அமலா.

மணி அடித்தது. யாரும் வரவில்லை. கேண்டீன் டிவியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கந்தசாமி உட்பட ஒருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஷெட்டில் எஸ்தர் ஒட்டிக்கொண்ட வாஷரைக் கிளறி எடுக்கக் கையை விட்டபோது முழங்கை மற்ற பொத்தானில் பட்டு அச்சின் மேல்தட்டு இறங்கியது. பக்கத்து மெஷினில் ஆள் இருந்திருந்தால் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்திருப்பார்கள். அவள் காலை உந்தி, உடம்பை முறுக்கி, இடது கையாலேயே எட்டி அடித்தாள்.

பழந்துணியைச் சுற்றிக்கொண்டு கேண்டீன் வரைக்கும் நடந்தாள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கூப்பிட்டாள். டிவி அலறியது. உள்ளே வரிசை வரிசையாக முதுகுகள். அமலாவின் பக்கத்தில் ஒரு காலி இடம், அதற்கு எதிரே எவர்சில்வர் மூடி போட்ட தட்டு. அவ்வளவையும் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு நடந்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குத் தானே போய்ச் சேர்ந்தாள். மூன்று விரல்கள் போயின.

கம்பெனி சொல்வது வேறு. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் எதுவும் ஓடவில்லை. எஸ்தர் கேண்டீனில் சாப்பிட்டதற்கு அவள் கார்டே சாட்சி. பிறகு எங்கேயோ போய் அடிபட்டுக்கொண்டு, சொல்லாமல் வெளியேறிவிட்டாள். வேலையில் அடிபட்டது என்று தீர்ந்தால் அவளுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உட்கார்ந்து செய்யும் வேலையும் உண்டு. இல்லையென்றால் இரண்டும் இல்லை.

"சொல்றேன்க்கா," என்றாள் அமலா, தளேகாவ் பிளாட்பாரம் வந்தபோது. "ஜூலைல எனக்கு பர்மனென்ட் லெட்டர் வருது. கார்டு விஷயம் வெளிய வந்தா அதோட சரி. ஆனாலும் சொல்றேன். உனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப் போறேன்?"

துப்பட்டாவைப் பார்க்காமலே சொன்னாள். இறங்கி, கூட்டத்தோடு போய்விட்டாள்.

மறுநாள் சிவாஜி நகரில், லேபர் ஆபீஸ் இருந்த பழைய கட்டடத்தின் மாடி. ஈரக் குடைகள் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தன. மேஜைக்குப் பின்னால் அதிகாரி. கம்பெனி தரப்பில் ரோஹிணி மேடம், மனிதவளப் பிரிவு, முப்பதைத் தாண்டாத மராத்திப் பெண். உள்ளே வந்ததும் எஸ்தருக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டி, மூடியைத் தானே திறந்தும் கொடுத்தாள். பேச்செல்லாம் ஹிந்தியில்.

"சம்பவம் நடந்தது பிளேன் விழுந்த அன்னிக்கா?" அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அட. நான் அன்னிக்கு பஸ்ல வந்துட்டு இருந்தேன். கண்டக்டர்தான் சொன்னார். என் மச்சினன் குடும்பம் அகமதாபாத்ல. போன் போடறேன், போடறேன், லைனே கிடைக்கல."

"நாங்க மீட்டிங்ல இருந்தோம் சார்," என்றாள் ரோஹிணி. "மேஜை மேல எல்லா போனும் ஒண்ணா அதிர ஆரம்பிச்சுது. பாஸ் திட்டப் போனார். அவர் போனும் அதிர்ந்துச்சு."

டீ கொண்டுவந்த பியூன் கூட நின்றுவிட்டான். "நான் சலூன்ல சார். பாதி ஷேவிங். அவன் கத்தியை வெச்சுட்டு டிவி பார்க்கப் போயிட்டான். பாதி மீசையோட அரைமணி நேரம்."

எல்லோரும் சிரித்தார்கள். கந்தசாமி தன் சப்பாத்திக் கதையைச் சொன்னார். ஒருத்தர் மட்டும் தப்பித்து நடந்து வந்தாரே என்று அதிகாரி வியந்தார். அறை கொஞ்ச நேரம் கல்யாண வீட்டுத் திண்ணைப் பேச்சு போல ஆகிவிட்டது. அந்தக் கனிவிலேயே அதிகாரி எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"நீங்கம்மா? நீங்க எங்க இருந்தீங்க?"

"மெஷின்ல சார்."

சிரிப்பு நின்றது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அதைத்தான் இப்ப விசாரிக்கறோம்."

கந்தசாமி ரூலைச் சொன்னார். எல்லா மெஷினும் ஆஃப். எஸ்தரைக் கேண்டீனில் கவனித்ததாக ஞாபகம் இல்லை. கவனிக்கவில்லை என்பதற்காக இல்லை என்றும் சொல்ல முடியாது. வார்த்தைகளை முன்னமே அடுக்கி வைத்ததுபோல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அமலா எழுந்தாள். புதுச் சுடிதார். ரோஹிணி மேடத்தோடு கம்பெனிக் காரில் வந்திருந்தாள். எஸ்தர் அதை அப்போதுதான் கவனித்தாள்: அமலா குடை கொண்டுவரவில்லை, ஆனால் நனையவும் இல்லை.

"எஸ்தர் எங்க இருந்தாங்க?"

அமலா மேஜை விளிம்பைப் பார்த்தாள்.

"என் பக்கத்துல சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். பிளேன் விழுந்ததைக் காட்டினாங்க இல்ல, அப்ப அக்கா பயந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இந்தக் கையை." இடது கையை நீட்டிக் காட்டினாள். "ரொம்ப நேரம் விடவே இல்ல. அழுதாங்க. நானும் அழுதேன்."

அழவும் செய்தாள். ரோஹிணி மேடம் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க எதாவது கேக்கணுமா?" என்றார் அதிகாரி எஸ்தரிடம்.

எஸ்தர் எழுந்தாள். ஹிந்தியில் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது தமிழ்.

"அமலா. எனக்கு எடுத்து வெச்ச தட்டு என்னடி ஆச்சு?"

அமலா நிமிர்ந்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். அவளும் தமிழில்தான் சொன்னாள், சந்தில் குழாயடியில் பேசுகிற அதே குரலில்.

"மூடுனது மூடுனபடி இருந்துச்சுக்கா. சாயந்தரம் நான்தான் கொட்டிக் கழுவுனேன்."

"என்ன பேசிக்கறாங்க?" அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

எஸ்தர் அவசரமாகத் திரும்பினாள். இப்போது ஹிந்தி வந்தது. "சார், என் தட்டு மூடினபடியே இருந்துச்சுன்னு சொல்றா! நான் சாப்பிடல, அங்க இல்லவே இல்ல, இப்ப இவளே சொன்னா சார்!"

"அப்படியா சொன்னே?" என்றார் அதிகாரி அமலாவிடம்.

அமலா பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினாள். "இல்ல சார்."

"நீங்க தமிழ்தானே?" அதிகாரி கந்தசாமியைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

மழை ஜன்னல் கம்பியில் தெறித்தது. கந்தசாமி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார், மெதுவாக, காது மடல் வரைக்கும்.

"சாப்பாட்டைப் பத்தி சார். அன்னிக்கு என்ன சாப்பாடு, யாரு தட்டு கழுவுனாங்கன்னு. பொம்பளைங்க பேச்சு."

அதிகாரி தலையசைத்தார். பேனா நகர்ந்தது. முடிவு பதினைந்து நாளில் வீட்டுக்கு வரும் என்றார். ரோஹிணி மேடம் எழுந்து எஸ்தருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

படியில் இறங்கும்போது பின்னால் "அக்கா" என்று ஒரு தடவை கேட்டது. எஸ்தர் திரும்பவில்லை. கீழே வாசலில் கம்பெனிக் கார் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

சாயங்கால லோக்கலில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. இந்தத் தடவை டிக்கெட் எடுத்திருந்தாள். கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் காலேஜ் பெண்கள் நாலைந்து பேர், ஒரே போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அதே கட்டடங்கள், அதே புகை.

"ஒரு வருஷம் ஆயிடுச்சு, நம்பவே முடியல," என்றாள் ஒருத்தி. "எனக்கு அன்னிக்கு எக்ஸாம்."

"நான் தூங்கிட்டு இருந்தேன். அம்மா எழுப்பினாங்க."

போன் வைத்திருந்த பெண்ணின் தோள் எஸ்தர் மேல் இடித்தது. மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டு, அவளையும் பேச்சில் சேர்த்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

எஸ்தர் அந்தத் திரையைப் பார்த்தாள்.

"கேண்டீன்ல," என்றாள். "எல்லாரோடயும்தான் இருந்தேன்."

"நல்லவேளை. நான் வீட்ல தனியா இருந்தேன் ஆன்ட்டி. ரொம்ப பயந்துட்டேன்."

ஆகுர்டி வந்தது. பெட்டி குலுங்கி வேகம் குறைந்தது. பெண்கள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்கள். துப்பட்டாவுக்குள் இருந்த கை பழைய பழக்கத்தில் தானாக எழுந்து கம்பியைப் பற்றப் போனது. பற்றாமல் வழுக்கி இறங்கியது. யாரும் பார்க்கவில்லை. கதவு வரைக்கும் வரிசை வரிசையாக முதுகுகள்.