பிடித்தவர் பெயர்

தத்துப்பூச்சி ஒன்றும் பெரிய பிராணி இல்லை. அரிசி நொய்யளவு இருக்கும். புல்லில் உட்கார்ந்து சாறு குடிக்கும், நிழல் பட்டால் தத்திவிடும். அதைப் பிடிக்கவும் அரசாங்கப் பூச்சி ஆய்வகம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தது. சீவரத்தினம் வலை வீசிப் பிடித்து வருவார். அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி கனகேஸ்வரி, ஒவ்வொன்றையும் அட்டை நுனியில் ஒட்டி ஊசியில் குத்துவாள். ஊசிக்குக் கீழே போகிற குட்டிச் சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் அவரே எழுதுவார். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவது அவர் பழக்கம்.

எழுபத்தேழு மார்ச்சில் ஒரு காலை, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கனகேஸ்வரி அவருடைய வலையை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் சுபாங் ஜெயாவுக்கு பஸ் ஏறினாள். புது வீடுகளுக்குப் பின்னால், அவர் வழக்கமாக வலை வீசிய அதே புல்வெளி. பிடித்ததற்கெல்லாம் தன் குண்டெழுத்தில் சீட்டு எழுதினாள். தேதி அன்றையது, பெயர் மட்டும் அவருடையது. பூச்சிகளை அடுக்கிவைக்கும் பெட்டியில் அவர் பெயர் நின்றுபோவதை அவளால் தாங்க முடியவில்லை. சில நாள் பக்கத்துப் புல் யாரோ நடப்பதுபோல் மடங்கும். பூச்சிகள் அங்கிருந்து அவள் பக்கம் தத்தி வரும். திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் அவர் இல்லாமல் போய்விடுவார் என்று பயம்.

ஆகஸ்டில் அதிகாரி சண்முகரத்தினம் பெட்டியைத் திறந்தார்.

“கனகேஸ்வரி, இதுல ஜூலைன்னு போட்டிருக்கு. சீவரத்தினம் போனது மார்ச்.”

“ஆமா சார்.”

“செத்தவர் பூச்சி பிடிச்சார்னு ரெக்கார்ட் இருந்தா நம்ம பெட்டிய எவனும் நம்ப மாட்டான்லா. அந்தச் சீட்டையெல்லாம் உருவிட்டு உங்க பேரப் போடுங்க.”

அதிகாரி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொரு சீட்டையும் உருவும்போது கணவரை மறுபடி சுடுகாட்டுக்கு அனுப்புவதாகவே இருந்தது. கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. எப்படியோ மத்தியானத்துக்குள் எழுதி முடித்துப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள்.

சண்முகரத்தினம் லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“உங்க பேர்தான். ஆனா கையெழுத்து அவருது.”

கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள். மெலிந்து சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் கோடு.

“யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

அவளுக்குப் பயம் வரவில்லை. மை காயாத வலது கையை இடது கையால் பற்றிக்கொண்டு, விடாமல் நின்றாள்.