இரு பாதங்களும் நலம்

சாக்ஸைக் கழற்றியதுமே நாற்றம் தாங்க முடியவில்லை. இருபது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கே!

அன்று காலை வார்டில் சேர்ந்த தையல்காரரின் வலது உள்ளங்கால் கறுத்து, சொதசொதவென்று கிடந்தது. நடுவில் தையல் ஊசியின் உடைந்த முனை. இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டேன். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போய், ஊசி ஏறியதுகூட மனுஷனுக்குத் தெரியவில்லை.

"இவ்வளவு நாத்தம் அடிக்குது, வீட்டுல யாருக்கும் மூக்கு இல்லையா?" என்று கத்தினேன்.

"போன வாரம்தான் கீழ சுகர் கிளினிக்ல காட்டினோம் சிஸ்டர்" என்றாள் அவர் மனைவி. "கால் நல்லாருக்குன்னாங்க. அப்ப வெறும் சாக்ஸ் நாத்தம்தான்னு விட்டுட்டோம்."

ஃபைலைப் புரட்டினேன். 'இரு பாதங்களும் நலம்.' பக்கத்தில் அழகாக ஒரு டிக். அதற்கு முந்தைய மாதமும் டிக். அதற்கு முந்தைய மாதமும்.

"சாக்ஸைக் கழட்டிப் பாத்தாங்களா?"

"கழட்டச் சொல்லவே இல்லையே."

யாராவது ஒருமுறை குனிந்திருந்தால், ஊசியை எடுத்து மருந்து போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். வந்து பார்த்த டாக்டர், நாளைக்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார்.

"காலை எடுத்துட்டா மெஷினை எப்படிம்மா மிதிப்பேன்?" என்று தையல்காரர் என்னைக் கேட்டார்.

ஃபைலோடு கீழே ஓடினேன். கிளினிக் இன்னும் திறக்கவில்லை. உள்ளே நர்ஸ் அன்றைய ஃபைல்களை அடுக்கி வைத்துக்கொண்டு வரிசையாக டிக் போட்டுக்கொண்டிருந்தாள். ஆளே வரவில்லை, அதற்குள் பாதம் நலமாம்!

"வெக்கமா இல்ல உனக்கு? மேல ஒருத்தர் கால் அழுகிக் கிடக்கறார்!"

அவள் பேனாவை மூடினாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. எண்பது பேர் வராங்க. ஒவ்வொரு காலா பாத்துட்டிருந்தா விடிஞ்சிடும், காலையிலயே போட்டு வெச்சிடுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, வார்டுக்கு மாறிப் போறப்ப?"

சொல்லித்தான் இருந்தேன். மூன்று வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே டிக்கைத்தான் போட்டேன். மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வசதியாக நினைக்காமல் இருந்தேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பா!

மேலே வந்ததும் தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தராவது குனிஞ்சு பாத்தீங்களேம்மா. நல்லா இருக்கணும்."

"நானும் பாக்காதவதாங்க" என்றேன். "கீழ கிளினிக்ல இருந்தப்ப ஒருத்தரையும் சாக்ஸைக் கழட்டச் சொன்னதில்ல. இந்த டிக் போடற வேலைய இப்ப அங்க இருக்கற நர்ஸுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்."

அவர் கையை விலக்கிக்கொண்டு, போர்வையில் துடைத்தார்.