சட்டைப் பையில் ஆமென்

அப்பாவுக்குக் காது மந்தம். பஞ்சாலையில் வேலை பார்த்த வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் கேட்கும். போன் மணி கேட்காது. அதனால் அவருக்குப் போன் என்பது சட்டைப் பையில், நெஞ்சை ஒட்டி அதிரும் ஒரு சாமான். அவ்வளவுதான்.

அந்த அதிர்வை நம்பித்தான் நான் கோவில்பட்டியில் மாலை வகுப்புக்குப் போகிறேன். பகலில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறேன். கடை முடிந்து கணக்கு எழுதும் வகுப்பு; முடிவில் ஒரு பரீட்சை உண்டு. வகுப்பு முடிந்து பசுவந்தனை பஸ். எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கினால் ஊருக்குள் போக நெடுந்தூரம், விளக்கில்லாத ரோடு. பஸ் ஒருநாள் சீக்கிரம் வரும், ஒருநாள் இருட்டிய பிறகு வரும், ஒருநாள் வரவே வராது. அப்பா முன்கூட்டியே வந்து காத்திருக்க முடியாது. மக்காச்சோளம் கதிர் பிடித்திருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில்தான் காட்டுப்பன்றி இறங்கும். ஆகவே நான் பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்ததும் போன் போடுவேன். எடுத்துப் பேச வேண்டியதில்லை. நெஞ்சில் அதிர்ந்தால் அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு விலக்குக்கு வந்துவிடுவார். வந்து போகும் நேரத்துக்குப் பக்கத்துப் புஞ்சை நல்லக்கண்ணு மாமா இரண்டு புஞ்சைச் சோளத்தையும் பார்த்துக்கொள்வார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இந்த ஏற்பாடு அறுந்தது. போன் போட்டால், சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. நான் விலக்கிலிருந்து நடந்தேன். கரிசல் ரோட்டில் மழைக்குள் நடப்பது நடப்பதே இல்லை. செருப்புக்கு அடியில் மண் ஒட்டி, அதன்மேல் இன்னும் ஒட்டி, காலில் செங்கல் கட்டிய மாதிரி ஆகிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா வாசலில் நின்றாள். என்னைத் திட்டவில்லை. அப்பாவையும் திட்டவில்லை. வகுப்பைத்தான் திட்டினாள்.

"இன்னொரு மட்டம் இப்படி நடந்து வந்தியோ, கிளாஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பரீட்சையாம் பரீட்சை" என்று துண்டை எறிந்தாள்.

அம்மா பெயர் நேசம்மாள். சொன்னால் செய்வாள்.

அப்பாவின் போன் காலையில் முழுச் சார்ஜோடுதான் வீட்டை விட்டுப் போகிறது. மாலையில் செத்து வருகிறது. பழைய போன், நான் வைத்திருந்தது. மேல் மூலையில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு உண்டு, ஏதாவது வந்தால் மினுங்கும். சார்ஜை எது தின்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், மாலையில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது. சரியான முறைதானா என்று உறுதியில்லை.

வகுப்பில் என் பக்கத்து நாற்காலி பாண்டிராஜ். கழுகுமலை ரோட்டில் அவன் அண்ணனுக்குப் போன் கடை. அதனால் தனக்கு எல்லாம் தெரியும் என்பான்.

"வைப்ரேஷன்தான் குடிக்குது ஆஸ்லின். உள்ள ஒரு குட்டி மோட்டார் இருக்குல்லா? மோட்டார் ஓடுனா கரண்டு போகத்தான செய்யும்? உங்கப்பா நெஞ்சுல பம்புசெட்டு வச்சுக்கிட்டு அலையுதாரு."

"அப்போ லைட்டு?"

"அதுவும்தான்."

"எது அதிகம்?"

"ரெண்டுந்தான். நீ என்ன, ஆடிட்டு பண்ணுதியா?"

முதலில், திரையைத் தொடும்போதெல்லாம் வருகிற சின்ன அதிர்வை நிறுத்தினேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாலையில் போன் உயிரோடு இருந்தது, ஆனால் சிவப்புக் கோட்டில். பிறகு, வகுப்பில்லாத சனிக்கிழமை பார்த்து, வைப்ரேஷனை முழுக்க நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் விட்டேன். அன்று நான் கூப்பிடப் போவதில்லை, ஆபத்து இல்லை. மோட்டார் ஓடவில்லை என்றால் சார்ஜ் மிச்சமாக வேண்டும். ஆனால் பொழுது சாய்வதற்கு முன்பே போன் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்த நல்லக்கண்ணு மாமா வேறு அப்பாவைக் காட்டிச் சிரித்தார்.

"யோவான் அண்ணாச்சி சட்டைக்குள்ள மின்மினிப்பூச்சி வளக்காவ போல. நேத்து சாயங்காலம் சோளத்துக்குள்ள பச்சையா மினுங்குச்சு. பன்னிக்குக் கண்ணுன்னு நெனச்சுக் கல்ல எடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டாரைவிட ஒரு கடுகளவு விளக்கு அதிகம் தின்னுமா? பாண்டிராஜிடம் கேட்டேன். அந்த விளக்கு எரிகிற கரண்டில் ஒரு எறும்புக்குக்கூடச் சூடு காட்ட முடியாது என்றான். முந்தின வாரம் அவன் வேறு மாதிரி சொன்னான் என்று ஞாபகப்படுத்தினேன். முந்தின வாரம் அவனுக்குப் பசி என்றான்.

நான் ஏதோ தப்பாக மாற்றியிருக்கிறேன் என்று நினைத்து, போனை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் வாட்ஸ்அப்பில் எங்கள் சபையின் ஜெபக் குழுவைக் கண்டேன். காலையில் ஜெயஷீலா அக்கா ஒரு வசனம் போடுவார். அதற்குக் கீழே ஆமென், ஆமென், ஆமென் என்று வரும். ஒருவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர் போடுவார். புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் இருக்கிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போடுவார்கள். மும்பைக்குப் போனவர்கள் சாயங்காலம் போடுவார்கள். நடுவில் யாராவது உடம்பு சரியில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றால் அதற்குத் தனியாக ஒரு வரிசை. விரலால் தள்ளத் தள்ள ஆமென் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அப்பா நெஞ்சில் அதிர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு மினுங்கியிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறருக்குச் சொல்லும் அளவுக்கு எனக்கு உறுதியாகத் தோன்றிய ஒரே நேரம் அதுதான். அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை, கத்திச் சொல்ல வேண்டுமே என்று. குழுவை மட்டும் அமைதியாக்கி, போன் அழைப்புக்கு வைப்ரேஷனைப் பழையபடி வைத்து அனுப்பினேன்.

அன்று மாலை பஸ்ஸிலிருந்து போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஜன்னலுக்கு வெளியே எங்கே வருகிறோம் என்றே தெரியவில்லை. விலக்கில் இறங்கினால், அப்பா இருக்கிறார். மொபெட்டின்மேல் உட்கார்ந்து, ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறவரைப் போல முதுகை வளைத்துக்கொண்டு.

"எப்ப வந்தீங்க?" என்று கத்தினேன்.

"வெயில் இருக்கும்போதே வந்துட்டேன். போன் கெட்டுப் போச்சு ஏட்டி. நீ கூப்பிட்டா தெரியாதுல்லா, அதான் இங்கனயே இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்தால் நல்லக்கண்ணு மாமா வந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். பன்றி இறங்கிவிட்டது. அவரால் ஒரு பக்கம்தான் விரட்ட முடிந்தது. எங்கள் சோளத்தில் ஓரத்து வரிசைகள் சாய்ந்துவிட்டன.

"குறை சொல்லலம்மா. எம்புட்டு நேரந்தான் நான் ஒருத்தன் ரெண்டு காட்டுக்கும் ஓடுவேன்? எனக்கும் முட்டி வலிக்கில்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நல்லா கண்டுபிடிச்ச. சோளமும் போச்சு. இந்த வாரத்தோட கிளாஸ நிப்பாட்டிரு."

அன்று என் தலைக்குள் எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை. அதிர்வை நிறுத்தினால் சார்ஜ் குறைகிறது. ஆமென்னை நிறுத்தினால் இன்னும் குறைகிறது. வேலை குறையக் குறையக் களைப்பு கூடுகிற ஒரு பொருளை நான் கேள்விப்பட்டதில்லை. ஒருவேளை பேட்டரியே பழுதாக இருக்கலாம். புஞ்சையில் டவர் சரியாகக் கிடைக்காததால் இருக்கலாம். ஒருவேளை நான் இந்த மாதிரிக் காரியங்களுக்கு லாயக்கில்லாதவளாக இருக்கலாம். கடையில் மறுநாளைக்கு லீவு சொன்னேன். எந்த அமைப்பையும் மாற்றவில்லை. குழு அமைதியாகவே இருந்தது. அப்பாவோடு புஞ்சைக்குப் போனேன்.

அவர் சோளத்தில் சாய்ந்ததை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்து உளுந்துக்குள் உட்கார்ந்து களை எடுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்து, பொத்தானை அழுத்தி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். வெயிலில் திரை தானாகவே வெளிச்சத்தை முழுக்க ஏற்றிக்கொள்ளும். அப்படியும் அவருக்குத் தெரியாது. தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் பார்த்தார். பையில் போட்டார். இரண்டு சோளத்தட்டையை நிமிர்த்தினார். மறுபடியும் எடுத்தார்.

நான் எழுந்து போனேன்.

"யாரும் கூப்பிட்டாவளா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு எடுத்து எடுத்துப் பாக்குதீங்க?"

"செத்துப் போச்சான்னு பாக்குதேன். ஒரு ஆமென்கூட வரல்ல ஏட்டி. நேத்தும் வரல்ல. சபையில எல்லாரும் எங்க போனாவ?"

கையிலிருந்த களைக்கொத்தியைக் கீழே போட்டேன்.

"முன்னாடி ஆமென் வரும்போது?"

"அப்பவும் எடுப்பேன். நீயா, அவியளான்னு பாக்கணும்லா? பாத்துட்டு, நானும் ஒரு ஆமென் போடணும். எழுத்தத் தேடிப் போட்டு முடிக்கதுக்குள்ள அடுத்தது வந்துரும்."

"அன்னைக்கு லைட்டு மட்டும் வச்சேனே?"

"லைட்டு எங்க தெரியுது? குனிஞ்சு குனிஞ்சு பையையே பாத்துக்கிட்டு இருந்தேன். கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்."

மோட்டாரும் இல்லை, விளக்கும் இல்லை. திரை. நான் ஒவ்வொன்றாக நிறுத்த நிறுத்த, அவர் திரையை அதிகமாக எரித்திருக்கிறார். நான் போனை மட்டும் பார்த்தேன். போன் இருக்கிற சட்டையைப் பார்க்கவில்லை.

குழுவை அமைதியாக்கியது நான்தான் என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை கேட்கவில்லையா, கேட்டும் நம்பவில்லையா தெரியவில்லை.

"ஆமென் சொல்லுறவிய வாய நீ எதுக்கு ஏட்டி அடைச்ச?" என்றார். கோபமாக இல்லை. புரியாமல் கேட்டார். "கோயில்ல போயி உக்காந்தா பாட்டும் கேக்காது, பிரசங்கமும் கேக்காது. இது ஒண்ணுதான் இங்கன வந்து தட்டுது."

நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

வரப்பில் உட்கார்ந்து புதிதாக ஒரு ஏற்பாடு செய்தோம். குழுவுக்கு வைப்ரேஷன் உண்டு, ஆனால் குட்டியாக, ஒரே தட்டு. விளக்கு வேண்டாம். நான் கூப்பிட்டால் நீளமாக ஓடும். கட் பண்ணிவிட்டு இன்னொரு தடவை கூப்பிடுவேன். இரண்டு நீளம் என்றால் நான். எதற்கும் போனை வெளியே எடுக்கக்கூடாது.

"யாராவது தவறிப் போனதா சேதி வந்தா?"

"அதுக்கு வீட்டுக்குப் போனே வரும். அம்மா ஓடி வந்து சொல்லுவா."

"சரி. நான் எப்படித் திருப்பி ஆமென் போடுதது?"

"வாயால சொல்லுங்க."

"வாயால சொன்னா அவியளுக்குக் கேக்குமா?"

"அவிய சொல்லுறது மட்டும் உங்களுக்குக் கேக்குதா?"

சொன்ன பிறகு பயமாக இருந்தது. அப்பா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார், தோள் குலுங்க.

மறுநாள் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. பாண்டிராஜ் என்னவோ கேட்டான், நான் என்னவோ சொன்னேன். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, போன் போட்டேன். மணி போனது. கட் பண்ணினேன். மறுபடியும் போட்டேன். மணி போனது. போகிறது என்றால் உயிரோடு இருக்கிறது; ஆனால் அப்பாவுக்குத் தெரிந்ததா என்பது வேறு.

விலக்கில் பஸ் நின்றபோது ஆளில்லை. பஸ் போய்விட்டது. நான் வேப்பமரத்தடியில் நின்று, செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன். அப்போது தூரத்தில் மொபெட் வெளிச்சம் குலுங்கிக் குலுங்கி வந்தது.

"ரெண்டு மட்டம் ஓடிச்சு" என்றார் அப்பா, இறங்குவதற்கு முன்பே. "நடுவுல ஒரு ஆமென் பூந்து குழப்பப் பாத்துச்சு. நான் எடுக்கவே இல்ல."

வீட்டில் அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்னால் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறோமா என்பதுபோல. பிறகு சொன்னாள்: "நாளைக்கும் இப்படி இருந்தா போ. பரீட்சையை எழுதித் தொல."

நல்லக்கண்ணு மாமா வேலிப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "நேசம்மா, இன்னைக்கு அண்ணாச்சிக்கு என்ன? சோளத்துக்குள்ள நின்னுக்கிட்டு ஆமென், ஆமென்னு கத்துதாவ. நான் பன்னிதான் வந்துட்டுன்னு கம்பத் தூக்கிட்டு ஓடுனேன். பன்னி ஒண்ணையும் காணோம்."

காது மந்தமானவர் மெல்லச் சொல்கிறோம் என்று நினைத்துக் கத்தியிருக்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா நினைக்கிறாள். நான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு யோசித்துப் பார்த்தேன். இன்று பகல் முழுக்க மூடாப்பு, வெயிலே இல்லை. அப்பா ஓரிரு தடவை எடுத்துப் பார்த்திருந்தாலும் திரை அவ்வளவு வெளிச்சம் ஏற்றியிருக்காது. விளக்கையும் நிறுத்தினோம், எடுப்பதையும் நிறுத்தினோம், குழுவையும் திரும்பத் திறந்தோம். ஒரே நாளில் இத்தனை மாற்றம். எதனால் மிச்சமானது என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நாளைக்கு வெயில் அடித்தால்தான் தெரியும்.

உள்ளே சார்ஜில் கிடந்த போன் மேஜைமேல் ஒரு தடவை டொக்கென்று தட்டியது. அப்பாவுக்கு அது கேட்கவில்லை. போன் அவர் நெஞ்சில் இல்லை. எனக்குக் கேட்டது. எழுந்து போய் எடுத்துப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை.