சுப்புவின் ஒரே படம்

சாலைக் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த குற்றாலலிங்கம், ஊரில் எத்தனையோ பேருடைய பிள்ளைகளைப் படம் பிடித்தவர். சொந்தப் பிள்ளையை ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று மனைவி உலகம்மை ஒற்றைக்காலில் நின்றாள். ஒரே பிள்ளை, அவரும் விட்டுவிட்டார். சுப்புவுக்கு இருபது வயசாகியும் வீட்டில் அவன் படம் என்று ஒன்று கிடையாது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில், அதாவது 1936-ல், ஓணத்துக்கு வெள்ளாயணிக் காயலில் வள்ளங்களி என்கிற படகுப் போட்டி. சுப்பு துடுப்புப் போடுகிறான் என்றதும் அவருக்கு ஆசை அடங்கவில்லை. வீட்டில் மூச்சு விடாமல் காமிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வானம் மூடிக் கிடந்தது. வள்ளம் ஒரு தடவைதான் கடக்கும். அடுத்த கண்ணாடித் தகட்டை மாட்டுவதற்குள் போய்விடும்.

"நீள லென்ஸா போடுதீரு?" என்றார் கூட வந்த சத்தியதாஸ். அவருக்கும் அதே தொழில்தான். "அது வெளிச்சத்தக் குடிக்கும் வே. ஷட்டர மெதுவா வைக்க வேண்டி வரும். வள்ளம் உமக்காக நிக்குமா? சின்ன லென்ஸப் போட்டு, துவாரத்த முழுக்கத் தொறந்து, எரநூத்துல ஒரு பங்கு செகண்டுல அடியும். முகம் கடுகளவு விழுந்தாலும் தெளிவா விழும். பொறவு பெரிசாக்கிக்கிடலாம்."

"கடுகளவு முகத்த வச்சு நான் என்ன செய்ய? எம் பிள்ளை முகம் எனக்குப் பெரிசா வேணும்."

அட, சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷனா அவர்! நீள லென்ஸ்தான் போட்டார். ஷட்டரைப் பத்தில் ஒரு பங்கு செகண்டில் வைத்தார். 'ஆடாதீங்க' என்று ஆட்களை உட்கார வைத்தே முப்பது வருஷம் படம் எடுத்த கை அது. வள்ளம் வந்தது. சுப்பு அவரைப் பார்த்துச் சிரித்தான். அழுத்தினார்.

"கிட்டியாச்சு வே!" என்று துள்ளினார்.

எல்லையைத் தாண்டிய சந்தோஷத்தில் பையன்கள் எழுந்து நின்று கூத்தாட, வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். சுப்புவை ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை, பிணத்தை எடுக்கிற நேரம். செத்தவர்களை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டுக் கடைசிப் படம் எடுப்பது ஊர் வழக்கம். குற்றாலலிங்கமே எத்தனை வீடுகளுக்குப் போய் எடுத்திருக்கிறார்! உலகம்மை அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இனி என்ன ஆயுசு குறையப் போகுது? ஒரு படம் எடுங்க. இந்த முகத்த நான் எங்க போயிப் பாப்பேன்?"

"பொணமா அவன எடுக்க மாட்டேன்ட்டீ. சிரிச்ச முகமா எங்கிட்ட இருக்கு. நேத்தே எடுத்துட்டேன்."

"தகட்டக் கழுவிப் பாத்துட்டாவது..." என்று இழுத்தார் சத்தியதாஸ்.

"என் தொழில் எனக்குத் தெரியும் வே!" என்று சீறினார்.

உலகம்மை நம்பினாள். காலை விட்டாள். சுப்புவைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள்.

மத்தியானம் குளித்த ஈரத்தோடு இருட்டறைக்குள் நுழைந்து தகட்டைக் கழுவினார். அக்கரைத் தென்னைகள் ஓலை ஓலையாகத் தெரிந்தன. குடை பிடித்து நின்றவனின் சட்டைப் பித்தானைக்கூட எண்ணலாம். நடுவில், சுப்பு உட்கார்ந்திருந்த இடத்தில், ஈரத்துணியால் துடைத்துவிட்டது மாதிரி ஒரு தீற்றல். கண் இல்லை, மூக்கு இல்லை. பாவி, இருந்த முகத்தையும் கொண்டுபோய் நெருப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று நெஞ்சில் அறைந்துகொண்டார்.

உலகம்மை கதவைத் தட்டினாள். "வந்திட்டானா? சிரிக்கானா?"

அவர் தகட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"சிரிக்கான்."

"அப்ப கொண்டாங்க, நானும் பாக்கேன்."