கிழவன் எரிய மறுத்த வருடம்

அந்த வருடம் சிரவாடோவில் டிசம்பர் முப்பத்தொன்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது. கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கோவா முழுக்க ஜனவரி பிறந்து, புதுக் காலண்டர் மாட்டி, மிஞ்சிய கேக்கைக் கோழிக்குப் போட்டாகிவிட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் தினமும் பழைய தேதியே விடிந்தது. காரணம், நாற்சந்தியில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்த வைக்கோல் கிழவன். பழைய வருடம் இவன்தான் என்று சொல்லி ஆண்டுக் கடைசியில் கொளுத்துவார்கள். இந்த முறை அவன் எரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். கள்ளிறக்கும் ஆக்னேலோ மனசே இல்லாமல் ஒரு போத்தல் ஃபெனிச் சாராயத்தையும் ஊற்றினான். தீ பூனை மாதிரி கிழவனின் காலைச் சுற்றிவிட்டு அணைந்துபோனது. முதல் நாள் முழுக்க ஊரில் அந்தச் சாராயம் வீணானதைப் பற்றித்தான் பேச்சு.

சிரவாடோவில் ஒரு வழக்கம் உண்டு. கிழவனுக்கு வீட்டுக்கு ஒரு பழைய துணி கொடுக்க வேண்டும். உடுத்திவிடும்போது குனிந்து, அந்த வருடம் என்ன கற்றுக்கொண்டோம் என்பதை அவன் காதில் சொல்ல வேண்டும். கிழவன் அதையெல்லாம் சுமந்துகொண்டு எரிந்து போவான். முக்கால்வாசிப் பேர் போன வருடம் கற்றதையேதான் இந்த வருடமும் கற்றிருப்பார்கள். அதற்கெல்லாம் அவன் முகம் சுளித்ததில்லை. ஆனால் பொய் சொன்னால் போக மாட்டான் என்று பழையவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அதுவரை யாரும் பொய் சொல்லிப் பார்க்கவில்லை.

இந்த முறை சொன்னவள் செபெரினா. அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

செபெரினாவின் கணவன் பசிலியோ ஊருக்கு ரொட்டி சுட்டவன். கார்னிவல் முடிந்த வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான். கெட்டவன் என்று சொல்ல நாக்கு வராது. அவளை அடித்ததில்லை. குடித்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளை அடுப்பு அறைக்குள் விட்டதில்லை. பெண் கை பட்டால் மாவு பொங்காது என்பான். அவள் வாய்விட்டுச் சிரித்தால் "மெதுவா" என்பான். அவன் போனபின் அடுப்பு சில நாள் ஆறிக் கிடந்தது. பிறகு பசி வந்து கதவைத் தட்டியது. செபெரினா மாவு பொங்குவதற்கு ஆக்னேலோவிடம் கள் வாங்கி ஊற்றிப் பிசைந்தாள். முதல் ஈட்டு ரொட்டியைக் கொண்டு பாலத்துக்குக் கல் பதித்திருக்கலாம். ஈஸ்டருக்குள் ரொட்டி பொங்கியது. மழைக்காலத்தில் அவன் சைக்கிளை ஓட்டக் கற்றாள். ஒரு நாள் கூடையோடு வயலில் விழுந்தாள், அன்றைய ரொட்டி மொத்தத்தையும் வாத்துகள் தின்றன. மறுநாளும் ஏறினாள். செப்டம்பருக்குள் கட்டிலின் நட்டநடுவில் கை காலை விரித்துத் தூங்கப் பழகிவிட்டாள். ஒரு காலை, கோயில் சரிவில் ஹாரனை அடித்தபடி இறங்கும்போது அவள் வாய் தானாகப் பாடியது. துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையில் பாடிக்கொண்டு போகிறோமே என்று சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆகவே பசிலியோவின் நீலச் சட்டையைக் கிழவனுக்கு மாட்டிவிட்டுக் குனிந்தபோது, நாத்தனார் கெரோபினா முதுகுக்குப் பின்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கையில், அவள் என்னதான் சொல்வாள்? "ஒண்ணும் கத்துக்கல. அழுததுதான் மிச்சம்" என்று சொல்லி வைத்தாள்.

இதில் அடிபட்டது கெரோபினாவின் மகன் எவரிஸ்டோ. தோஹாவில் வேலை. ஜனவரி ஆறாம் தேதி வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த சனிக்கிழமை சிரவாடோ கோயிலில் அவனுக்கும் பக்கத்து ஊர் இவெட்டுக்கும் கல்யாணம். லீவு வாங்கி வந்தவன் பாலத்தைத் தாண்டிக் காலை வைத்தான், காணாமல் போனான். பெட்டி மட்டும் பாலத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் தோஹாவிலிருந்து போன் வந்தது.

"அம்மா, என்னம்மா இது? நான் டியூட்டில நிக்கிறேன்!"

டிசம்பர் முப்பத்தொன்றில் அவன் அங்கேதானே இருந்தான்? ஊர் அதை நியாயம் என்றே ஒப்புக்கொண்டது. மறுபடி டிக்கெட் எடுத்து வந்தவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டான். கெரோபினா தாண்டிப் போய் மகனுக்குச் சோறு போட்டுவிட்டு, சில நாள் வயது கூடி, திரும்பி வந்து குறைந்தாள். திருநாளும் சனிக்கிழமையும் அந்தப் பக்கத்தோடு கடந்துபோயின. லீவு முடியப் போகிறது, விட்டால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். பிறக்காத தேதியில் எங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது, வேறு இடம் பார்க்கிறோம் என்று இவெட்டின் மாமா சொல்லி அனுப்பினார்.

அன்று உச்சிவெயிலில் கெரோபினா ஊரையே நாற்சந்திக்கு இழுத்து வந்தாள். "எவனோ எவளோ பொய் சொல்லியிருக்கீங்க. இப்ப எல்லாரும் வாய்விட்டுச் சொல்லுங்க. எனக்கும் கேக்கணும், கிழவனுக்கும் கேக்கணும்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பன்றியை நம்பி வாழைக்கன்று வைக்கக் கூடாது என்று ஒருவர். மச்சினனோடு சீட்டாடக் கூடாது என்று பாதிரியாரின் சமையல்காரர். "மரத்து உச்சியில இருக்கும்போது கீழ பொண்ணுங்க போனா பாக்கக் கூடாது" என்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கைக்கட்டைக் காட்டினான் ஆக்னேலோ. கெரோபினா, வரப்போகும் மருமகளின் குழம்பை இப்போதே பாராட்டப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கிழவன் அசையவில்லை. எல்லோரும் செபெரினாவைப் பார்த்தார்கள்.

"அவள விடுங்க" என்றாள் கெரோபினா. "என் தம்பியப் பறிகுடுத்துட்டு நிக்கிறா. அவளுக்குப் பாடம் ஒண்ணுதான் கொறச்சலா?"

திட்டியிருந்தால் செபெரினா தப்பித்திருப்பாள். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் எவரிஸ்டோ பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, பொய் சொன்னது நான்தான்" என்றாள். "எனக்கு இந்த வருசம் நல்லா இருந்துது."

கிழவனின் இடது செருப்பிலிருந்து புகை வந்தது.

"என்னடி சொன்ன?" என்றாள் கெரோபினா.

"அய்யோ குறுக்க பேசாதீங்க, பத்திக்கிச்சு!" என்று கத்தினான் ஆக்னேலோ. "செபெரினாக்கா, நிறுத்தாதீங்க!"

செபெரினா நிறுத்தவில்லை. என் கை பட்டாலும் மாவு பொங்கும் என்றாள், கால்சட்டை தீப்பிடித்தது. விழுந்தால் யாரும் செத்துவிடுவதில்லை, வாத்துகளுக்குத்தான் கொண்டாட்டம் என்றாள், கைகள் பற்றிக்கொண்டன. நான் சத்தமாகத்தான் சிரிப்பேன் என்றாள். அதைச் சொல்லும்போது சத்தமாகத்தான் சொன்னாள். நீலச் சட்டை மட்டும் மிச்சமிருந்தது. அவள் அழுதாள், துடைத்துக்கொள்ளவில்லை.

"அவரு இருந்தப்போ அவர் மேல உயிரா இருந்தேன். அவரு போனப்புறந்தான் நான் ஒருத்தி இருக்கேன்னே எனக்குத் தெரிஞ்சுது. ரெண்டும் நெசம்க்கா. ஒண்ண மறைச்சாத்தான் பொய்யி."

சட்டை பற்றியது. கிழவன் நாற்காலியை விட்டு எழுந்தான், எரிகிற தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தான், ஊர் எல்லைப் பக்கம் சில அடி நடந்து சாம்பலானான். கோயில் மணி தானாக அடித்தது. வர வேண்டிய நாட்கள் அத்தனையும் அந்தப் பிற்பகலுக்குள் வந்து சேர்ந்தன. சேவல்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆண்களுக்கு நின்ற இடத்திலேயே தாடி வளர்ந்தது. மூன்று ராஜாக்கள் குதிரையை நிறுத்தக்கூட நேரமில்லாமல் தெருவைக் கடந்து போனார்கள். எவரிஸ்டோ பாலத்தைத் தாண்டி வந்தான், காணாமல் போகவில்லை. தேதி பிறந்துவிட்டதால் இவெட்டின் மாமாவும் இறங்கி வந்து, லீவு முடிவதற்குள் கல்யாணத்துக்கு வேறு நாள் குறித்தார்.

கெரோபினா தம்பி மனைவியிடம் இரண்டு நாள் பேசவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் தேய்க்கும் சடங்கில், துக்கத்தில் இருக்கிறவள் தொடக் கூடாது என்று செபெரினா கறுப்பு உடையில் வாசலிலேயே ஒதுங்கி நின்றாள். கெரோபினா கிண்ணத்தோடு நேராக வந்தாள்.

"மொதக் கை உன்னுது. சும்மாவா, எம் புள்ளைய ஊருக்குள்ள கொண்டாந்தவ நீ. ஆனா ஒண்ணு, உன் ரொட்டி என் தம்பி ரொட்டிய விட நல்லா இருக்குன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க அக்கா. ரெட்டிப்பா வாங்கிட்டுப் போறீங்களே, அது போதும்" என்று செபெரினா சிரித்தது பாலம் வரைக்கும் கேட்டது. கிண்ணத்தை வாங்கி எவரிஸ்டோவின் தலையில் கவிழ்த்தாள்.

அடுத்த டிசம்பரில் நாற்சந்தியில் மறுபடி கிழவனை உட்கார வைத்தார்கள். செபெரினா சிவப்புக் கவுனில், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, முதல் ஆளாகக் குனிந்து அவன் காதில் பேச ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் கிழவன் தானாகவே பற்றிக்கொண்டான். மற்றவர்கள் வரிசையில் நின்று அவசர அவசரமாகச் சொன்னார்கள், ஆக்னேலோ சாராயத்தைத் திறக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனான்.